காரணம் கேட்காமல் ஓர் இடம்



சுபஹ் தொழுகை முடிந்த கையோடு, உம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலைப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் ரம்புக்கனைப் புகையிரத நிலையத்துக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. மலைப்பக்கம் பனி மூடிக் கிடக்கிறது. மேடையில் நிற்பவர்களில் பாதிப் பேரின் முகம் உங்களுக்குத் தெரியும். கொழும்பில் கந்தோருக்குப் போகிறவர்கள், புறக்கோட்டைக் கடைகளில் நிற்பவர்கள், படிக்கப் போகும் பிள்ளைகள், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் நோயாளிகள் என்று ஓர் ஊரே அங்கு கூடியிருக்கும். மாவனல்லைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களும் அதில் உண்டு.

ரம்புக்கனை கேகாலை மாவட்டத்தின் ஒரு சிறு நகரம். சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள், தென்னை, வயல். பார்த்து வியக்க மாளிகைகள் இல்லை. ஆனாலும் நம் நாட்டின் புகையிரதப் பாதையில் இந்த ஊருக்கென்று தனியிடம் ஒன்று இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை இங்கே முடிகிறது. இதற்கு அப்பால் ஒற்றைப் பாதையாகக் கடிகமுவை, கங்கொடை, இஹலகோட்டை, பலனை என்று மலையைச் சுற்றிச் சுற்றிக் கடுகண்ணாவைக்கு ஏறுகிறது. 1867ஆம் ஆண்டு கண்டி வரை பாதை திறக்கப்பட்டபோது மிகக் கடினமான வேலையாக இருந்தது இந்த ஏற்றம்தான். ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் பாதை இது. நீராவி எஞ்சின் காலத்தில் இந்த ஏற்றத்துக்கென்று துணை எஞ்சின் ஒன்றைச் சேர்த்துத்தான் வண்டியை மேலே அனுப்புவார்கள். கொழும்பிலிருந்து இங்கு வரை சமதரையில் ஓடி வந்த அதே வண்டிதான். பார்வைக்கு அதில் எந்த மாற்றமும் இல்லை. ஏற்றம் வந்ததும் துணை தேவைப்பட்டது. 'இவ்வளவு தூரம் தனியாக ஓடி வந்தாயே, இப்போது உனக்கு என்ன வந்தது?' என்று அந்த வண்டியை யாரும் கேட்டதில்லை.

இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

ரம்புக்கனையில் ஏறுபவரின் பாக்கியம்

கந்தோர்ப் புகையிரதங்கள் சில ரம்புக்கனையில் இருந்தே புறப்படுகின்றன. ஆகவே இங்கு ஏறுபவர்களுக்கு ஆசனம் கிடைக்கும். சிலர் ஒரு கைக்குட்டையைப் போட்டுப் பக்கத்து ஆசனத்தைப் பொல்கஹவலையில் ஏறும் நண்பருக்காகப் பிடித்தும் வைப்பார்கள். பொல்கஹவலை, அலவ்வை, மீரிகமை என்று நிலையங்கள் கடக்கக் கடக்கக் கூட்டம் சேரும். வெயாங்கொடையில் ஏறுபவருக்குக் கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிது. கொழும்பு கோட்டைக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். ரம்புக்கனைக்காரர் உட்கார்ந்து போகிறார்; பின்னால் ஏறியவர் அவருடைய தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்.

யாருக்கு இடம் கொடுப்பது, யார் எழுவது என்ற கேள்வி ஒவ்வொரு நாள் காலையும் ரம்புக்கனையில் ஏறியவரின் முன்னால்தான் வந்து நிற்கிறது. ஊர்ப்பெருமை பேசும் நாம் இந்தப் பொறுப்பையும் பேச வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் எதிர் ஆசனத்தில், அபாயா அணிந்த ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். வெயாங்கொடையில் ஒரு முதியவர் ஏறினார். இடமில்லை. சுற்றியிருந்தவர்களின் பார்வை அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பியது. இருந்தவர்களில் வயதில் குறைந்தவள் அவள்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நின்றுகொண்டிருந்த ஒருவர் பொதுவாகச் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை எங்கே தெரிகிறது? படிப்பு மட்டும் இருந்தால் போதுமா?" இன்னொருவர் சிரித்தார். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதியவர் உட்கார்ந்தார். எல்லோருக்கும் ஒரு நியாயம் நிலைநாட்டப்பட்ட திருப்தி.

கோட்டை நிலையத்தில் இறங்கி மேம்பாலப் படிகளில் ஏறும்போது அவளை மீண்டும் கண்டேன். நான்காவது, ஐந்தாவது படியில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி நின்றிருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கியது. கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. ஒரு தாத்தா நின்று அவளுடைய பையை வாங்கி, தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டியில் முதியவருக்காக எழுந்திருக்க வேண்டிய ஆள் நானாகத்தான் இருந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. நானோ என் ஆசனத்தில் இருந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு என்ன வருத்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் அதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஏற்றங்கள்

ரம்புக்கனையில் இறங்கும் வெளியூர்ப் பயணிகளில் பெரும்பாலானோர் பின்னவலை யானைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள். 1975இல் ஆரம்பிக்கப்பட்ட அந்த இடத்தில் ஸமா என்றொரு யானை புகழ் பெற்றிருந்தது. கண்ணிவெடியில் ஒரு முன்காலின் பாதத்தை இழந்த யானை அது. மற்ற யானைகள் மா ஓயாவுக்குக் குளிக்க இறங்கும்போது ஸமா நொண்டி நொண்டி நடப்பதைக் கண்டு கண்கலங்காதவர் இல்லை. கண்ணால் காணும் குறைக்கு மனிதனின் உள்ளம் உடனே இளகிவிடுகிறது. அது நல்ல குணம்தான். ஆனால் கண் காணாத குறைக்கு அதே உள்ளம் ஏன் கல்லாகிவிடுகிறது?

அந்தக் காலைப் புகையிரதத்தில் யார் யார் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இதய வால்வில் கோளாறு உள்ளவர் நடப்பார், சிரிப்பார். ஒரு மணித்தியாலம் நின்றால் மயங்குவார். சிறுநீரகம் பழுதடைந்து இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவரின் முன்கையில், சட்டைக் கைக்குள்ளே, ஊசி ஏற்றுவதற்கென்று சத்திரசிகிச்சை செய்த நரம்பு இருக்கும். அந்தக் கை நெரிபடவோ இடிபடவோ கூடாது. கம்பியில் தொங்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருபவர் தொப்பியோ முக்காடோ அணிந்திருந்தால் முடி கொட்டியதும் தெரியாது. வலிப்பு நோயுள்ளவர் அடுத்த வலிப்பு வரும்வரை நம்மைப் போலவே இருப்பார். வயிறு தெரியாத முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்குத்தான் குமட்டலும் தலைசுற்றும் அதிகம். 'கர்ப்பிணித் தாய்மாருக்கு' என்று எழுதிய ஆசனத்தில் அவள் இருந்தால், "எங்கே வயிறு?" என்று தேடும் கண்கள் இருக்கின்றன.

நமது பகுதிக்கு நெருக்கமான நோய் ஒன்றையும் சொல்ல வேண்டும். அது தலசீமியா. இரத்தத்தின் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோய். இதற்கான தேசிய நிலையம் குருநாகல் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. ரம்புக்கனையிலிருந்து புகையிரதத்தில் போவதென்றால் பொல்கஹவலைச் சந்தியில் இறங்கி வண்டி மாற வேண்டும். நோய் கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். இரத்தம் ஏற்றிய சில நாட்களில் அந்தப் பிள்ளை ஓடி விளையாடும். அடுத்த தவணை நெருங்க நெருங்கச் சோர்ந்து போகும். போன வெள்ளிக்கிழமை ஓடித்திரிந்த பிள்ளை இன்று நிற்க முடியாமல் உட்கார்ந்தால் அது நடிப்பில்லை. இரத்தம் குறைந்திருக்கிறது.

மூட்டுவாதமும் இப்படித்தான். அதிகாலையில் விரலும் முழங்காலும் விறைத்துப் போயிருக்கும். பகல் ஏற ஏற இளகும். காலை வண்டியில் இடம் கேட்டு உட்கார்ந்தவர் மாலை வண்டியில் நின்று கதைத்துக்கொண்டு வருவார். அவரைப் பார்த்து, "காலையில் என்ன நாடகம்!" என்று நினைக்கிறவர்கள் ஒரே மனிதனின் இரண்டு வேளைகளைக் கண்டவர்களே தவிர, நோயைக் கண்டவர்கள் அல்லர்.

சக்கர நாற்காலிக் குறியும் வாகனத் தரிப்பிடமும்

வெளிநாடுகளில் தொழில் செய்யும் நம் பிள்ளைகள் பெரிய கடைத்தொகுதிகளின் வாசலுக்கு அருகே நீல நிறத்தில் சக்கர நாற்காலி வரைந்த வாகனத் தரிப்பிடங்களைக் காண்கிறார்கள். கொழும்பிலும் வைத்தியசாலைகள், கடைத்தொகுதிகள் சிலவற்றில் அவை உண்டு. அந்தக் குறியை 1968இல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் நாட்டு மாணவி. முதல் வரைவில் வெறும் நாற்காலி மாத்திரமே இருந்தது. மனிதத் தலை பின்னர்தான் சேர்க்கப்பட்டது. இன்றும் பலர் அந்தக் குறியில் நாற்காலியை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த இடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு ஒருவர் தன் காலால் நடந்து போனால், "நடக்கிறாயே, உனக்கு எதற்கு இந்த இடம்?" என்கிறார்கள். இருதய நோயாளிக்கு நடக்கக் கால் இருக்கிறது. அந்தக் கால் எத்தனை அடி தாங்கும் என்பதுதான் அவருடைய கவலை.

இந்தத் தவறை உலகம் மெல்ல மெல்லத் திருத்தி வருகிறது. இங்கிலாந்தில் ஊனமுற்றோரின் வாகனத்துக்கு வழங்கப்படும் நீல அட்டை, 2019 ஓகஸ்ட் மாதத்திலிருந்து வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் பெறக்கூடியதாக விரிவாக்கப்பட்டது. அந்த அட்டை வாகனத்துக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. வாப்பாவின் அட்டையை வைத்துக்கொண்டு, வாப்பா வீட்டிலிருக்க, மகன் கடைக்குப் போய் அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது. ஜப்பானின் தோக்கியோ நகரம் 2012இல் ஓர் உதவிக் குறியை அறிமுகப்படுத்தியது. சிவப்புப் பட்டியில் வெள்ளைச் சிலுவை வடிவும் இதய வடிவும் கொண்ட அந்தக் குறியைச் செயற்கை மூட்டு பொருத்தியவர், உள்ளுறுப்பு நோயாளி, ஆரம்பக் கர்ப்பிணி முதலானோர் பையில் தொங்கவிடுகிறார்கள். லண்டனின் கட்விக் விமான நிலையம் 2016இல் சூரியகாந்திப் பூப் போட்ட கழுத்துப்பட்டியைக் கொண்டு வந்தது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபீலியா, பார்க்கின்சன் நோய் முதலியன அதில் சேர்ந்தன.

நம் நாட்டில் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. உடல் ஆற்றலின் குறையோடு உள ஆற்றலின் குறையையும் அது கணக்கில் எடுக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. விதிகள் தாளில் மட்டும் கிடந்தபோது உயர் நீதிமன்றம் சென்றவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராகவும் இரசாயனவியலாளராகவும் இருந்த அவர், 1992இல் தன் வாகனத்தின் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்தவர். அவருடைய வழக்கில் 2011இல் நீதிமன்றம் வழங்கிய கட்டளை, புதிய பொதுக் கட்டடங்களில் அந்த வசதிகளைக் கட்டாயமாக்கியது. 2016இல் ஐக்கிய நாடுகளின் வலது குறைந்தோர் உரிமைச் சாசனத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

சட்டம் இடத்தை ஒதுக்கும். அட்டை கொடுக்கும். ஆனால் ஓடுகிற வண்டிக்குள் பக்கத்தில் நிற்பவரின் கண்ணை எந்தச் சட்டம் திருத்தும்?

ஏன் கேட்கக் கூடாது?

"சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடலாமே! நோய் என்று சொன்னால் விட்டுவிடப் போகிறோம்" என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் ரம்புக்கனைப் புகையிரதம் முன்பின் தெரியாதவர்களின் கூட்டமா? அது சில்லுகளின் மேல் ஓடும் ஓர் ஊர். ஒரே பெட்டி, ஒரே முகங்கள், வருடக் கணக்கில். அந்தப் பெட்டியில் காலையில் சொன்ன வார்த்தை மாலையில் நான்கு வீட்டு வாசலில் இறங்கும்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் ஒரு பெண்பிள்ளை, "எனக்கு இருதய வருத்தம்" என்றோ "எனக்கு வலிப்பு" என்றோ பத்துப் பேர் காதில் விழச் சொன்னால் அதற்குப் பின் அவளுடைய உம்மாவும் வாப்பாவும் படும் பாட்டை நாம் அறியாதவர்களா? சம்பந்தம் பேச வருபவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் வீடு; சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். வேலைக்குப் போகும் இளைஞனுக்கும் இதே பயம் உண்டு. நோயாளி என்று தெரிந்தால் முதலாளி வைத்துக்கொள்வாரா? இவர்களிடம் காரணம் கேட்பது, ஒரு மணித்தியால ஆசனத்துக்கு வாழ்நாள் இரகசியத்தை விலையாகக் கேட்பதாகும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாமல்தான் அந்தப் பெண் பேசாமல் எழுந்து நின்றாள்.

நம் மார்க்கம் கற்றுத் தந்த நாகரிகம்

வாசகர்களே! இந்த நாகரிகத்தை ஜப்பானிலோ இங்கிலாந்திலோ போய்த்தான் நாம் கற்க வேண்டும் என்பதில்லை.

அல்குர்ஆனில் ஸூரத்துந் நூரின் 61ஆவது வசனத்தையும், ஸூரத்துல் பத்ஹின் 17ஆவது வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். குற்றம் பிடிக்கப்படாதவர்களாக மூவர் அங்கே குறிப்பிடப்படுகிறார்கள்: பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி. முதல் இருவரின் நிலை கண்ணுக்குத் தெரியும். மூன்றாமவரின் நிலை பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் அல்லாஹ் மூவரையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறான்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய். பார்ப்பவருக்குத் தெரியாத நோய். தொழுகையைப் பற்றி அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழும்படியும் வழிகாட்டினார்கள் என்பது புஹாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ். முடியுமா முடியாதா என்று அறிபவர் யார்? நோயாளி மட்டுமே. அந்தத் தீர்மானம் அவரிடமே விடப்பட்டது. இன்று பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழும் ஒருவரை ஓரக்கண்ணால் பார்த்து, "கடைத்தெருவில் நன்றாகத்தானே நடக்கிறார்" என்று முணுமுணுப்பவர்கள் இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இமாமத் செய்பவர் தொழுகையை நீட்டக்கூடாது என்பதற்கு நபியவர்கள் சொன்ன காரணம், பின்னால் நிற்பவர்களில் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருக்கலாம் என்பதே. இமாம் திரும்பி நின்று, "உங்களில் யார் நோயாளி? கையை உயர்த்துங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. இருப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு புகையிரதப் பெட்டிக்கும் இதே விதி பொருந்தாதா?

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்படியும் துருவி ஆராயாதிருக்கும்படியும் கட்டளையிடுகிறது. ஸூரத்துல் முஜாதலாவின் 11ஆவது வசனம் சபைகளில் ஒருவருக்கொருவர் இடம்விட்டு அமரும்படி சொல்கிறது. ஒருவரை அவருடைய இடத்திலிருந்து எழுப்பிவிட்டு இன்னொருவர் அங்கே உட்காருவதை நபியவர்கள் தடுத்தார்கள். நெருங்கி இருந்து இடமளிக்கும்படி சொன்னார்கள். ஆக, எழுப்புவது நம் வழியல்ல. எழுவதும் ஒதுங்கி இடம்விடுவதுமே நம் வழி.

இதையெல்லாம்விட எளிய சான்று ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரமழான் மாதத்தில் சில நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு நோன்பில்லை. அந்த நாட்களில் உம்மா ஒரு பீங்கானில் சோற்றைப் போட்டு மூடி, குசினி மூலையில் வைத்துவிடுவார். வாப்பா கேட்கமாட்டார். நானா கேட்கமாட்டார். தம்பி கேட்டால், "நீ உன் வேலையைப் பார்" என்று உம்மா அதட்டுவார். அந்தப் பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கம் கொடுத்த சலுகையை அவள் அனுபவிக்கிறாள். குடும்பம் பார்வையைத் திருப்பிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக நாம் பழகி வந்த இந்தப் பண்பை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டோம். புகையிரதத்துக்கும் பஸ்ஸுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் அதைக் கொண்டு போனால் போதும்.

ஏமாற்றுபவர்களை என்ன செய்வது?

"யாரும் கேட்காவிட்டால் சுகதேகிகளும் நோயாளி போல நடிப்பார்களே!" இந்தக் கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. நடிப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டையும் தராசில் வையுங்கள். நடிப்பவர் ஒருவரை நாம் விட்டுவிட்டால் ஓர் ஆசனம் வீணாகும். அவருடைய கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. உண்மையான நோயாளி ஒருவரை நாம் சந்தேகித்துவிட்டால் அவர் அன்று நின்று துன்பப்படுவதோடு முடியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் உட்காரப் பயப்படுவார். சிலர் பயணத்தையே விட்டு, கிளினிக்குக்குப் போவதையும் விட்டுவிடுவார்கள். இதில் எந்த நட்டம் பெரிது?

ஏமாற்றுபவரைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. அது நம் சொந்த நப்ஸைத் தடுப்பது. மற்றவரிடம் காரணம் கேட்காதவர் தன்னிடம் கட்டாயம் காரணம் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சுகதேகியாக இருக்கும் நீங்கள் ஒதுக்கப்பட்ட ஆசனத்தில், காலியாக இருந்தாலும், முடிந்தவரை உட்காராதீர்கள். உட்கார்ந்தால் தூங்காதீர்கள், கைத்தொலைபேசியில் மூழ்காதீர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுபவரின் முகத்தைப் பாருங்கள். வெளிறிய முகம், இறுகப் பிடித்த கை, வியர்வை, இவை பேசாமல் பேசும். கேட்கும்வரை காத்திராமல் எழுந்துவிடுங்கள். "நான் அடுத்த நிலையத்தில் இறங்குகிறேன்" என்பது போன்ற பொய்யும் தேவையில்லை. "இதில் இருங்கள், மகள்", "நானா, இதில் இருங்க" என்ற ஒரு சொல் போதும். எழுந்த பின் காரணம் கேட்டுக் கதையை வளர்க்காதீர்கள்.

ஒதுக்கப்பட்ட ஆசனம் இல்லாத பெட்டியிலும் இடம் தேவைப்படுபவர் இருப்பார். ஒரு முதியவர் நிற்கும்போது இளைஞர்களைத் தேடிக் கண்ணை ஓட்டுவதற்கு முன் உங்கள் முழங்காலைக் கேளுங்கள். அது நல்ல நிலையில் இருந்தால் எழ வேண்டியவர் நீங்கள்தான்.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "இரண்டு நிமிடம்தானே" என்று சக்கர நாற்காலிக் குறியிட்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். வீட்டில் நோயாளி இருப்பதும் வாகனத்தில் நோயாளி இருப்பதும் ஒன்றல்ல. ஜும்ஆவுக்கு வரும்போது பள்ளிவாசல் வாசற்படியை அடைத்து நிறுத்துவதும் இந்த வகையில்தான் சேரும்.

வெளியே தெரியாத நோயோடு வாழும் சகோதர சகோதரிகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. தயங்காமல் உட்காருங்கள். அல்லாஹ் வழங்கிய சலுகைகளை அடியார்கள் பயன்படுத்துவதை அவன் விரும்புகிறான் என்ற நபிமொழி அஹ்மதில் இருக்கிறது. இடம் தேவையானால், "எனக்குச் சுகமில்லை, இருக்க இடம் தருவீர்களா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர் நீங்கள். நோயின் பெயர் உங்களுடைய அமானத். உடல் நன்றாக இருக்கும் நாளில், உங்களைவிட இயலாத ஒருவரைக் கண்டால் அந்த இடத்தை அவருக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுத்ததைக் கண்டு, "அப்படியானால் நேற்று?" என்று எவரும் நினைத்தால் அது அவருடைய குறை.

பெற்றோர்களே! "பெரியவர்களைக் கண்டால் எழு" என்று பிள்ளைக்குக் கற்றுத் தருகிறோம். நல்லது. கூடவே, "எழாமல் இருப்பவரைத் தப்பாக நினைக்காதே" என்றும் கற்றுக் கொடுப்போம்.

மாலை வண்டி

மாலையில் நிலைமை தலைகீழ். கொழும்பில் வண்டி நிரம்பிவிடும். காலையில் உட்கார்ந்து வந்த ரம்புக்கனைக்காரர் இப்போது நின்றுகொண்டு போகிறார். ராகமை, கம்பஹா, வெயாங்கொடை என்று ஒவ்வொரு நிலையத்திலும் யாராவது எழுவார்களா என்று அவருடைய கண் தேடும். காலையில் கொடுக்க வேண்டியவர், மாலையில் கேட்பவர். ஒரே நாளில் இரண்டு நிலையையும் அல்லாஹ் நமக்குக் காட்டிவிடுகிறான். ஆரோக்கியமும் அப்படியொரு பயணம்தான். இன்று எழுந்து இடம் கொடுக்க நமக்குக் கால் இருக்கிறது. நாளை நம் இருதயமோ சிறுநீரகமோ எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பொல்கஹவலை தாண்டி, இருட்டில் மலையின் கரிய உருவம் தெரியத் தொடங்கும்போது ரம்புக்கனை வந்துவிடும். துணை எஞ்சின்கள் காத்திருந்த காலம் போய்விட்டது. ஏற்றம் அப்படியேதான் இருக்கிறது. நம்மோடு பயணிப்பவர்களில் யாருக்கு எந்த இடத்தில் ஏற்றம் தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே நாளைக் காலை வண்டி ஏறும்போது இரண்டே விடயங்களை நினைவில் வையுங்கள். காரணம் இல்லாமல் இடம் பிடிக்காதீர்கள். காரணம் கேட்காமல் இடம் கொடுங்கள்.

பிறருடைய இயலாமையை மறைத்து, அவர்களுக்குத் துணைநிற்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.